முற்றிய புற்றுநோயின் வலியைத் தணிக்க வி.ஆர். கருவி: பராமரிப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலி நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மாத்திரைகளால் அடங்கியிருக்கும் வலி, புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதோ, படுக்கையில் புரண்டு படுக்கும்போதோ, காரணம் எதுவுமே தெரியாமல் பின்னிரவிலோ திடீரென்று எகிறும். அப்போது கொடுக்கும் வாய்வழி மார்ஃபின் வேலை செய்யத் தொடங்கச் சுமார் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை நோயாளருடன் உட்கார்ந்து கடந்தவர்களுக்குத்தான் அதன் நீளம் தெரியும். மெய்நிகர் உண்மை என்று தமிழில் சொல்லப்படும் வி.ஆர். கருவி, அதாவது கண்களை மறைத்துத் தலையில் மாட்டிக்கொள்ளும் திரை, அந்த இடைவெளியில் உதவக்கூடியது. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிய என் அத்தையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மாதங்களில் நான் கற்றுக்கொண்டதையும், ஆய்வுகள் உறுதியாகச் சொல்வதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இக்கருவி வலி மருந்துக்குத் துணையே தவிர மாற்று அன்று. இதைக் காரணம் காட்டி ஒரு வேளை மருந்தைக்கூடக் குறைக்கவோ தள்ளிப்போடவோ கூடாது.

கருவி வலியை எவ்வாறு குறைக்கிறது

வலி என்பது உடலின் ஓரிடத்திலிருந்து மூளைக்குப் போகும் செய்தி மட்டும் அன்று. மூளை அந்தச் செய்திக்கு எவ்வளவு கவனம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தும் வலி கூடும், குறையும். 1965ஆம் ஆண்டு ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய வலி ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு, தண்டுவடத்தில் வலிச் செய்திகளை உள்ளே விடவும் தடுக்கவும் கூடிய ஒரு வாயில் போன்ற அமைப்பு செயல்படுகிறது என்றும், மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகள் அந்த வாயிலைப் பாதிக்கின்றன என்றும் கூறியது. கவனத்தை வேறு பக்கம் திருப்பினால் வலி குறைவதற்கு இது ஒரு விளக்கம். தொலைக்காட்சியும் கவனத்தைத் திருப்பும். ஆனால் அதைப் பார்க்கும்போது அறையின் சுவரும் மருந்துக் குப்பிகளும் ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கும். வி.ஆர். கருவி அந்த அறையையே மறைத்துவிட்டு, தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் வேறோர் இடத்தைக் காட்டுகிறது.

இந்த எண்ணத்தை வலிக்கு முதலில் பயன்படுத்தியவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர், ஹார்பர்வியூ மருத்துவமனையில் தீக்காயங்களுக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்காக இம்முறையை வளர்த்தெடுத்தார்கள். அவர்கள் உருவாக்கிய பனி உலகில் நோயாளர் பனிப்பள்ளத்தாக்கு ஒன்றில் மிதந்தபடியே பனிமனிதர்கள் மேலும் பென்குவின்கள் மேலும் பனியுருண்டைகளை எறிவார். அதே நேரத்தில் செவிலியர் காயத்தைச் சுத்தம் செய்வார். 2004ஆம் ஆண்டு வெளியான அவர்களுடைய மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், வெப்பத்தால் வலியூட்டப்பட்ட ஆரோக்கியமான தன்னார்வலர்கள் அந்த உலகுக்குள் இருந்தபோது, வலியோடு தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்தது தெரியவந்தது. "வலி மறந்துபோச்சு" என்று நோயாளர் சொல்வது நமக்காகச் சொல்லும் வார்த்தை அன்று என்பதற்கு அதுவே சான்று.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

புற்றுநோய் வலியில் நான் அதிகம் நம்பும் ஆய்வு, வாஷிங்டன் டி.சி.யிலுள்ள மெட்ஸ்டார் வாஷிங்டன் மருத்துவமனையில் ஹண்டர் க்ரோனிங்கர் தலைமையில் நடந்து 2024ஆம் ஆண்டு வெளியானது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த, பூச்சியம் முதல் பத்து வரையிலான வலி அளவில் நான்கோ அதற்கு மேலோ சொன்ன 128 புற்றுநோயாளர்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பத்து நிமிட வி.ஆர்.; மற்றதற்கு அதே பத்து நிமிடம் டேப்லெட் திரையில் மனத்தை அமைதிப்படுத்தும் காட்சி வழிகாட்டல். வி.ஆர். குழுவில் வலி சராசரியாக 1.4 புள்ளிகள் குறைந்தது. டேப்லெட் குழுவில் 0.7 புள்ளிகள். ஒரு நாள் கழித்துக் கேட்டபோது, வி.ஆர். குழுவின் வலி தொடக்க நிலையைவிட 1.7 புள்ளிகளும், மற்றக் குழுவின் வலி 0.3 புள்ளிகளும் குறைவாக இருந்தன.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ஏழில் இருக்கும் வலி ஐந்தரை அளவுக்கு இறங்கலாம், பூச்சியம் ஆகாது. தலையில் கருவி இருப்பது நோயாளருக்கே தெரியும் என்பதால், எதிர்பார்ப்பினால் விளையும் நிம்மதியும் இந்தக் கணக்கில் கலந்திருக்கும். ஆனாலும் ஏற்கெனவே மருந்தின் மேல் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, மலச்சிக்கலையும் மயக்கத்தையும் கூட்டாமல் ஒன்றரைப் புள்ளி குறைவது சிறிய விஷயம் அன்று. டேப்லெட் குழுவுக்கும் ஓரளவு பயன் கிடைத்ததைக் கவனியுங்கள். கருவி வாங்க வசதியில்லாத குடும்பங்கள் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை; கையில் இருக்கும் செல்பேசியில் நல்ல காட்சியைக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பயன் உண்டு.

விளம்பரங்களில் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பற்றிப் படிக்க நேரலாம். 2021 நவம்பரில் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான எட்டு வாரப் பயிற்சிக் கருவி ஒன்றை. அது புற்றுநோய் வலிக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி அன்று.

முதல் படி: மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்

கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், மூளையில் கட்டி உள்ளவர்கள் அல்லது மூளைக்குப் புற்றுநோய் பரவியவர்களுக்கும் மருத்துவரின் அனுமதியின்றி இதைப் பயன்படுத்தவே கூடாது. கழுத்து முள்ளெலும்புகளுக்கு நோய் பரவியிருந்தால், அரைக் கிலோ எடையைத் தலையில் ஏற்றிக் கழுத்தைத் திருப்புவது ஆபத்தாக முடியலாம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தலையில் மாட்டும் பொருள்தானே என்று நினைத்துவிடுகிறார்கள். முகத்திலும் உச்சந்தலையிலும் புண் உள்ளவர்கள், அண்மையில் தலையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், இதய மின்முடுக்கி (பேஸ்மேக்கர்) போன்ற கருவிகள் பொருத்தப்பட்டவர்கள், கட்டுக்கடங்காத வாந்தி உள்ளவர்கள் ஆகியோருக்கும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும்.

மனக்குழப்ப நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். முற்றிய நோயில், குறிப்பாகத் தொற்றோ மருந்து மாற்றமோ நேரும்போது, நோயாளர் இருக்குமிடம் தெரியாமல் பேசுவதும், இல்லாதவர்களைப் பார்ப்பதும் உண்டு. அந்த நிலையில் உள்ளவருக்கு இன்னொரு பொய்யான இடத்தைக் காட்டுவது அச்சத்தையே கூட்டும். காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் குழம்பியிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

புதிதாக வந்த வலியை இக்கருவியால் அடக்க முயலாதீர்கள். முதுகுவலி திடீரென்று கூடி, அத்துடன் கால்கள் பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாமல் போனாலோ, தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று பொருள் கொள்ளலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை அளிக்கும் செவிலியர் சேவையும் அடங்கும். வரும் செவிலியரிடம் கருவியைக் காட்டிக் கேட்பதே நல்ல தொடக்கம்.

இரண்டாம் படி: கருவியைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்தல்

கணினியோடு கம்பியால் இணைக்கும் வகை படுக்கையில் கிடப்பவருக்குத் தொல்லை. தனித்தே இயங்கும் ஹெட்செட் போதும். மெட்டா குவெஸ்ட் வரிசைக் கருவிகள் சுமார் 500 கிராம் எடையுள்ளவை. செல்பேசியைச் செருகிப் பார்க்கும் மலிவான கண்ணாடிகளில் படம் தலையசைவுக்குப் பின்தங்கி நகர்வதால் தலைசுற்றல் அதிகம். அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கருவியைப் பற்றிய வேலைகள் அனைத்தையும் நோயாளரின் அறைக்கு வெளியே முடித்துவிடுங்கள். மின்னேற்றம், புதுப்பிப்பு, கணக்குத் திறப்பு, காணொளிகளைப் பதிவிறக்கி வைத்தல் ஆகியவற்றுக்கு ஒரு மாலைப் பொழுது தேவைப்படும். உட்கார்ந்த நிலையில் பயன்படுத்துவதற்கான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். நோயாளர் பார்ப்பதை உங்கள் செல்பேசித் திரையிலும் காட்டும் வசதியை மறக்காமல் இயக்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் அவர் எதைப் பார்த்து முகம் சுளிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் படி: எந்த இடம் என்று அவரிடமே கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், இறுதிக்கட்டப் புற்றுநோயாளர்கள் 20 பேரை கூகுள் எர்த்தின் வி.ஆர். வடிவத்தின் வழியே அவர்கள் விரும்பிய இடங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். சிலர் தம் நினைவில் தங்கிய ஊர்களைக் கேட்டார்கள். சிலர் வாழ்நாளில் போக முடியாத இடங்களைக் கேட்டார்கள். வலி, களைப்பு, மனத்தளர்ச்சி, பதற்றம் உள்ளிட்ட பல உபாதைகள் அந்தப் பயணத்துக்குப் பின் குறைந்தன. ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வு அது. ஆயினும் என் அனுபவத்தோடு அது அப்படியே பொருந்துகிறது.

நான் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கருவியில் ஏற்கெனவே இருந்த, பலூனில் ஏறி மலைகளுக்கு மேலே பறக்கும் காணொளி ஒன்றை அத்தைக்குப் போட்டுவிட்டேன். இரண்டாவது நிமிடத்தில் கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கழற்றியதும் வாந்தி எடுத்தார். உடல் அசையாமல் இருக்கையில் கண்களுக்கு மட்டும் நகர்வைக் காட்டினால், கண்ணும் உள்காதும் மூளைக்கு முரணான செய்திகளை அனுப்பும். குமட்டல் அதனால் வருகிறது. மார்ஃபினாலும் சிகிச்சையாலும் ஏற்கெனவே வயிறு புரட்டும் ஒருவருக்கு அது இரட்டிப்பாகும். எனவே கேமரா ஓரிடத்தில் அசையாமல் நின்று எடுத்த காட்சிகளை மட்டுமே காட்டுங்கள். பறத்தல், படகுச் சவாரி, வாகனப் பயணம் எதுவும் வேண்டாம்.

பிறகுதான் கேட்டேன். அவர் பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணிப் படித்துறையைப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு வில்லைகள் (லென்ஸ்கள்) கொண்ட, சுற்றிலும் உள்ளதைப் படமெடுக்கும் 360 டிகிரி கேமராவைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிக்கொண்டு போய், விடியற்காலையில் எடுத்து வந்தேன். நீங்களும் இப்படி எடுப்பதானால் சில குறிப்புகள் உதவும். உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் கேமராவை நிறுத்துங்கள். நிற்பவரின் உயரத்தில் எடுத்தால் படுத்திருப்பவருக்கு அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கும். பக்கத்துப் பொருள்களிலிருந்து ஒரு மீட்டராவது விலகியிருக்கட்டும். இல்லையேல் இரு வில்லைகளின் படங்கள் சேருமிடத்தில் உருவங்கள் உடைந்து தெரியும். இயக்கிவிட்டு நீங்கள் மறைந்துகொள்ளுங்கள். பத்து நிமிடம் தொடர்ச்சியாக, அங்குள்ள ஒலியோடு எடுங்கள். மேலே பாட்டுச் சேர்க்காதீர்கள்.

அத்தை அந்தக் காட்சிக்குள் போனதும் வெகு நேரம் பேசவில்லை. பிறகு தலையை மெல்ல இடது பக்கம் திருப்பி, "இந்தப் படியிலதான் துணி தொவைப்பேன், இங்க ஒரு கல்லு கெடந்துதே, அதைக் காணலியே" என்றார். வலது கை போர்வையின் மேல் துணியைக் கும்முவதுபோல் அசைந்தது. அன்று கட்டு மாற்றும் வேலை முடிந்ததை நாங்கள் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.

பழகிய இடம் அழுகையையும் கொண்டுவரும் என்பதை அறிந்தே செய்ய வேண்டும். நவீன ஆதரவுச் சிகிச்சைக்கு வித்திட்ட பிரிட்டன் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1960களில் 'முழுமையான வலி' என்று சொன்னபோது, உடல் வேதனையோடு பயமும் பிரிவுத் துயரும் பணக்கவலையும் பின்னிக் கிடப்பதைத்தான் குறித்தார். சில சமயம் அழுதபின் வலி இறங்கும். ஆனால் இறந்துபோனவர்கள் வரும் பழைய காட்சிகளை நோயாளரே கேட்காமல் காட்டாதீர்கள். ஆச்சரியப்படுத்த நினைப்பதற்கு இது பொருத்தமான இடம் அன்று.

நான்காம் படி: உடலையும் கருவியையும் பொருத்துதல்

கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்துங்கள். கட்டில் மடங்காதது என்றால் தலையணைகளை அடுக்குங்கள். கழுத்தின் இருபுறமும் சுருட்டிய துண்டுகளை வைத்தால் கருவியின் எடையைத் தலையணை தாங்கிக்கொள்ளும். கீமோ சிகிச்சையால் முடி கொட்டிய தலையில் வார் உராய்ந்து எரிச்சல் தரும் என்பதால், மெல்லிய பருத்தித் தொப்பியை மாட்டி அதன்மேல் வாரைத் தளர்வாக இழுங்கள். ஆக்சிஜன் குழாய் இருந்தால் அது காதோரத்தில் நசுங்காமல் பாருங்கள். சாய்ந்து படுத்திருப்பவருக்குக் காட்சி வானத்தையே காட்டும். காட்சியை நேராக்கும் பொத்தானை அழுத்தி, அவர் பார்வைக்கு நேராக அடிவானம் வரச் செய்யுங்கள்.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் என்பதால் சுத்தம் முக்கியம். முகத்தில் படும் பஞ்சுப் பகுதிக்குத் துடைத்தெடுக்கக்கூடிய சிலிக்கோன் உறை போட்டு, ஒவ்வொரு முறையும் கிருமிநாசினித் துணியால் துடையுங்கள். வில்லைகளில் ஆல்கஹால் படக்கூடாது. கண்ணாடி துடைக்கும் உலர்ந்த மென்துணி போதும்.

ஐந்தாம் படி: முதல் அமர்வு

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் பயன் அடங்கியிருக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது முதன்முறையாகப் பழக்கப்படுத்தாதீர்கள். ஓரளவு நிம்மதியாக இருக்கும் பகல் வேளையில் ஐந்து நிமிடம் மட்டும் காட்டுங்கள். பழகிய பிறகு, கட்டு மாற்றுவதற்குச் சற்று முன்பும், இடைவலிக்கான, அதாவது இடையில் திடீரென்று எகிறும் வலிக்கான, மார்ஃபினைக் கொடுத்துவிட்டு அது வேலை செய்யக் காத்திருக்கும் நேரத்திலும் பயன்படுத்தலாம். மருந்தை முதலில் கொடுத்துவிட்டுத்தான் கருவியை எடுக்க வேண்டும்.

தொடங்குமுன் வலியின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சியம் முதல் பத்து வரை சொல்லத் தயங்கும் முதியவர்களிடம், "ஒரு ரூபாய்க்கு எத்தனை பைசா வலிக்குது?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். பிறகு, என்ன தெரியப்போகிறது, எவ்வளவு நேரம், எப்படி நிறுத்துவது என்பதைச் சொல்லுங்கள். பேசச் சிரமப்படுபவர் என்றால் கையை இரண்டு முறை தட்டினால் கழற்றிவிடுவதாக ஒப்புக்கொள்ளுங்கள். தட்டியதும் காரணம் கேட்காமல் கழற்றுங்கள். கருவி கண்ணை மறைத்திருக்கும்போது தெரியாமல் தொட்டால் திடுக்கிடுவார்கள் என்பதால், "அத்தை, கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டே தொடுங்கள். காதுக்குள் செருகும் ஒலிபெருக்கிகள் வேண்டாம். உங்கள் குரல் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

முகம் வெளிறுதல், வியர்த்தல், எச்சில் விழுங்கிக்கொண்டே இருத்தல், கொட்டாவி ஆகியவை குமட்டலுக்கு முன் வரும் அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் நிறுத்திவிட்டு, அசையாத ஒரு பொருளைப் பார்த்தபடி படுக்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நீட்டாதீர்கள். முடித்தபின் அரை மணி நேரம் வரை எழுந்து நடக்க விடாதீர்கள். விழுந்து எலும்பு முறிந்தால் அதுவரை கிடைத்த நிம்மதியெல்லாம் போய்விடும்.

ஆறாம் படி: குறிப்பேடு

ஒரு பள்ளி நோட்டுப் போதும். தேதி, நேரம், முன்னும் பின்னும் வலியின் அளவு, கடைசியாக மருந்து கொடுத்த நேரம், எந்தக் காட்சி, குமட்டல் இருந்ததா என்ற ஆறு விவரங்களை எழுதுங்கள். மூன்று, நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இது எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை, அதற்காக நோயாளரைக் குறைசொல்லும் தொனியில் ஒரு சொல்கூட வரக்கூடாது. மாறாக, இடைவலி மாத்திரை நாளுக்கு நாள் அதிகமாகத் தேவைப்படுவதாகக் குறிப்பேடு காட்டினால், அது மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டிய செய்தி. கருவியால் பொழுது கழிகிறது என்று அதை மறைத்துவிடக் கூடாது.

மருத்துவமனைப் பிரிவுகளுக்கு

ஒரே கருவி பலருக்குச் சுற்றும்போது, ஒவ்வொருவருக்கும் தனி முக உறை, கருவியைத் துடைத்தவரின் கையொப்பத்தோடு ஒரு பதிவேடு, பழகிய ஒரு செவிலியர் அல்லது தன்னார்வலர் ஆகிய மூன்றும் வேண்டும். தொற்றுக்காகத் தனிமைப்படுத்தப்பட்டவருக்குப் பயன்படுத்திய கருவியைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவைக் கேட்காமல் அடுத்தவருக்குக் கொண்டுபோகாதீர்கள். கருவியை மாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடும் வழக்கத்தை எந்தப் பிரிவிலும் அனுமதிக்கக் கூடாது. கண் மறைக்கப்பட்டு, எழ முடியாமல், பக்கத்தில் ஆளில்லாமல் கிடப்பது எவ்வளவு பெரிய அச்சம் என்பதை ஊழியர்கள் ஒருமுறை தாமே மாட்டிப் படுத்துப் பார்த்து உணர வேண்டும்.

கருவியை எடுத்து வைக்கும் நேரம்

நோயாளர் நாளின் பெரும்பகுதி உறங்கத் தொடங்கும்போது, கருவியின் எடையே தொந்தரவாகிவிடும். அவர் தலையை விலக்கினாலோ, வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாலோ, மீண்டும் கேட்காமல் எடுத்து உள்ளே வையுங்கள். அதன்பின் அந்த இடத்தின் ஒலியை மட்டும் செல்பேசியில் பயன்படுத்தலாம். நாங்கள் படித்துறையின் தண்ணீர்ச் சத்தத்தைத் தலைமாட்டில், பக்கத்தில் பேசுபவரின் குரலை மறைக்காத அளவுக்குத் தாழ்வாக வைத்தோம். ஒரு நேரத்தில் கால் மணிக்கு மேல் ஓடவிடாதீர்கள். நெற்றி சுருங்கினால் நிறுத்திவிட்டு, வலி மருந்தின் அடுத்த வேளை எப்போது என்று பாருங்கள்.